சுமை குறைப்பு வாரம்

நிறுவை அளவை அலுவலகத்தில் ஒரு பளுதூக்கும் பெண்ணுக்கு வேலை கிடைத்தபோது, அரசாங்கம் ஒருமுறையாவது பொருத்தமாக ஒரு காரியம் செய்துவிட்டது என்று அவள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். கடைக்காரர்கள் கொண்டுவரும் எடைக்கற்களைச் சரிபார்த்து முத்திரை குத்துவதுதான் அந்த அலுவலகத்தின் பணி. எடைக்கல் என்றால் கனக்கும். கனமானதைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த அவளுடைய நியமன ஆணையில் என்னவோ ‘இளநிலை உதவியாளர்’ என்றுதான் போட்டிருந்தது. சேர்ந்த அன்றைக்குக் கண்காணிப்பாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மூலையில் கிடந்த இருபது கிலோக் கற்களைக் காட்டி, “இதையெல்லாம் அந்தச் சுவரோரமா வெச்சிட்டு வந்து கையெழுத்துப் போடும்மா” என்றார். அன்றிலிருந்து அவளுக்குப் பளுக்காரி என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தகுதிகாண் பருவம் இரண்டு ஆண்டு. அதுவரை தினமும் காலையில் பயிற்சி முடித்துவிட்டுப் பதினோரு மணிக்கு வரலாம் என்று சிறப்பு அனுமதி உண்டு. பதிலுக்கு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் முன்னேற்ற அறிக்கை என்று ஒரு படிவம் கொடுக்க வேண்டும். அந்த மாதம் தூக்கிய எடை எவ்வளவு, சென்ற மாதத்தைவிட அதிகமா, சமமா, குறைவா, குறைவு எனில் காரணம் யாது. காரணத்துக்கு அரை அங்குல இடம் விட்டிருந்தார்கள். இதுவரை அந்த இடத்தை யாரும் நிரப்பியதில்லை.

அவளுக்குப் பயிற்சி கொடுத்தவள் அவளுடைய அண்ணி. ஒரு காலத்தில் தானும் பளு தூக்கியவள். முட்டி போன பிறகு, மூடிக்கிடந்த ஓர் அச்சகத்தை வாடகைக்குப் பிடித்து ஜிம் நடத்தினாள். சுவரெல்லாம் மைக்கறை. நடுவில் பலகை மேடை, ஒரு கம்பி, எட்டு இரும்புத் தட்டுகள். அண்ணி அதிகம் பேசமாட்டாள். பேசினால் மறுபேச்சு இருக்காது. அண்ணனைக் கேட்டால் சொல்வான்.

ஆறு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோகும் எடை அறுபத்தாறில் தொடங்கி எழுபத்தெட்டுக்கு வந்தது. படிவத்தில் ‘அதிகம்’, ‘அதிகம்’ என்று எழுதிக் கொடுத்தாள். பிறகு கம்பி முரண்டு பிடிக்கத் தொடங்கியது. நேற்றுப் பறந்த எடை இன்று மார்போடு நின்றது. மணிக்கட்டு காலையில் விறைத்துக்கொண்டது. வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தாள். ஒரு நாள் செருப்பு வார் அறுந்ததற்கு உட்கார்ந்து அழுதாள்.

அண்ணி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “திங்கக்கிழமையிலேருந்து ஒரு வாரம் நாப்பது கிலோதான். அதுக்கு மேல ஒரு தட்டு போடக் கூடாது.”

“நாப்பதா? தேர்வுப் போட்டிக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு அண்ணி.”

“அதனாலதான்.”

“இறங்கிட்டா மறுபடி ஏற முடியுமா?”

“தூக்கும்போது உடம்பு தேயுது. ஓய்வு குடுத்தாத்தான் அது தேறி, முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலா நிக்கும். நீ தேய மட்டும் விடுற, தேற விடமாட்டேங்கிற. ஒரு வாரம் பாதி போதும். அப்புறம் பாரு.”

பளுக்காரிக்கு அரைமனசுதான். இருந்தாலும் கேட்டாள். அவளுடைய கெட்ட நேரம், அந்த வாரத்தின் நடுவில்தான் மாதம் முடிந்தது. ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ முடிந்திருந்தாலும் அதே வாரம்தான். படிவத்தில் பொய் எழுத அவளுக்கு வரவில்லை. நாற்பது என்று எழுதினாள். ‘குறைவு’ என்பதை வட்டமிட்டாள். அரை அங்குல இடத்தில், ‘முன்னேற்றத்துக்காக’ என்று எழுதினாள்.

மறுநாள் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். படிவத்தைக் கையில் பிடித்திருந்தார்.

“என்னம்மா இது?”

“முன்னேற்ற அறிக்கை சார்.”

“குறைவுன்னு போட்டிருக்க. முன்னேற்றத்துக்காகன்னு போட்டிருக்க. ரெண்டுல எது அறிக்கை?”

“ரெண்டும்தான் சார். இந்த வாரம் குறைச்சாத்தான் அடுத்து ஏறும்.”

“எழுபத்தெட்டுத் தூக்குவியா மாட்டியா?”

“தூக்குவேன் சார்.”

“அப்போ தூக்கிட்டு வந்து எழுது.”

“இந்த வாரம் தூக்கக் கூடாது சார்.”

“யார் சொன்னது?”

“அண்ணி.”

“அண்ணி எந்த நிலை அதிகாரி?”

மாலைக்குள் குறிப்பாணை வந்துவிட்டது. ‘மேற்படி அறிக்கையில் தாங்கள் முன்னேற்றத்துக்காகக் குறைந்துள்ளதாகத் தெரிவித்திருப்பது இவ்வலுவலகத்துக்கு விளங்கவில்லை. தங்கள் தகுதிகாண் பருவத்தை ஏன் முடிவுக்குக் கொண்டுவரக் கூடாது என்பதற்கான விளக்கத்தை மூன்று தினங்களுக்குள் மூன்று நகல்களில் சமர்ப்பிக்கவும். தவறினால், தங்களிடம் சொல்லிக்கொள்ள விளக்கம் ஏதுமில்லை எனக் கருதப்படும்.’

வேலை போய்விடும் என்றதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. மறுநாள் அண்ணி வருவதற்கு முன்பே ஜிம்மைத் திறந்து, எல்லாத் தட்டையும் மாட்டி, எழுபத்தெட்டைத் தூக்கப் போனாள். கம்பி தலை வரைக்கும் வந்தது. வந்த பிறகு முன்னால் சரிந்தது. விடுவதற்குள் மணிக்கட்டு மடங்கிவிட்டது. தட்டு விழுந்த சத்தத்தில் சுவரிலிருந்து காரை உதிர்ந்தது.

அண்ணி வந்து பார்த்தாள். திட்டவில்லை. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, துணியை நனைத்துச் சுற்றிவிட்டாள்.

“எலும்புக்கு ஒண்ணுமில்லை” என்றாள் அண்ணி. “ஆனா இப்போ அரை வாரம் போதாது. வர்ற திங்கள்லேருந்து முழுசா ரெண்டு வாரம் தட்டே கூடாது. வெறும் கம்பி மட்டும்தான். அந்தக் காகிதத்துல உள்ளதை உள்ளபடி எழுதிக் குடு.”

பளுக்காரி உள்ளதை உள்ளபடி ஒன்றரைப் பக்கம் எழுதினாள். சுமையைக் குறைத்தால் உடல் தேறும், தேறினால் கூடுதல் சுமையைத் தாங்கும், எனவே குறைப்பதும் பயிற்சியே. மூன்று நகல்.

விளக்கம் விளங்குகிறதா என்று நேரில் பார்க்க ஒரு குழு அமைக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை காலை கண்காணிப்பாளரும் ஓர் ஆய்வாளரும் ஜிம்முக்கு வந்தார்கள். மூன்றாம் உறுப்பினர் பதவி காலியாக இருந்ததால் அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார்கள்.

“எழுபத்தெட்டு தூக்கிட்டிருந்தவங்க நாப்பது தூக்குறீங்க” என்று ஆய்வாளர் குறிப்பேட்டைத் திறந்தார். “மீதி முப்பத்தெட்டு கிலோ எங்கே?”

“அங்கே, சுவரோரமா இருக்கு” என்றாள் அண்ணி.

ஆய்வாளர் போய்க் குனிந்து பார்த்தார். ஒரு தட்டைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். அவருடைய முகம் தொழில்முறையாக மாறியது.

“இதுல இருபது கிலோன்னு பொறிச்சிருக்கு.”

“ஆமா.”

“முத்திரை எங்கே?”

“எதுக்கு முத்திரை? இது விக்கிறதுக்கு இல்லை, எடை போடுறதுக்கும் இல்லை. தூக்குறதுக்கு.”

“இரும்பு. அதுல எடை போட்டிருக்கு. பொதுமக்கள் வந்து போற இடத்துல இருக்கு. முத்திரை இல்லை” என்றார் ஆய்வாளர். “இதுக்கு மேல என்னம்மா வேணும்?”

ஜீப்பிலிருந்து தராசு இறங்கியது. இருபது கிலோத் தட்டு பத்தொன்பதே முக்கால் இருந்தது. பத்து கிலோவிலும் கொஞ்சம் குறைந்தது. கண்காணிப்பாளர் பளுக்காரியைப் பார்த்த பார்வையில், இத்தனை நாள் அரசாங்கத்தை எடையில் ஏமாற்றியவள் இவள்தானா என்ற வருத்தம் தெரிந்தது. எட்டுத் தட்டுகளும் கைப்பற்றப்பட்டன. கம்பியை விட்டுவைத்தார்கள். அதில் எடை ஏதும் எழுதியிருக்கவில்லை. தட்டுகளை ஜீப்பில் ஏற்ற ஆள் இல்லாததால், பளுக்காரியையே ஏற்றச் சொன்னார்கள். அவள் துணி சுற்றிய கையோடு நகர்ந்தாள். அண்ணி அவளை ஓரமாகத் தள்ளிவிட்டு, போன முட்டியோடு எட்டையும் தானே ஏற்றினாள்.

குழுவின் அறிக்கையும் பளுக்காரியின் விளக்கமும் ஒரே உறைக்குள் இயக்குநரிடம் போயின.

இயக்குநரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கருத்தரங்குக்குப் போய்வருவார். வந்ததும் அலுவலகத்தில் ஒரு புதுமையைப் புகுத்துவார். ஒரு தடவை எல்லோரும் நின்றுகொண்டே வேலை பார்க்க வேண்டும் என்றார். நாற்காலிகளை எடுத்துப் பூட்டிவைத்தார்கள். இன்னொரு தடவை மணிக்கொரு முறை கண்ணை மூடி நீளமாக மூச்சு விட வேண்டும் என்றார். முத்திரை குத்துகிறவர் கண்ணை மூடியபடி விரலில் குத்திக்கொண்ட பிறகு அதைக் கைவிட்டார்கள். இந்த முறை கருத்தரங்கு தள்ளிப்போய்விட்டது. புகுத்தப் புதுமை இல்லாமல் அவர் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் பளுக்காரியின் ஒன்றரைப் பக்கம் அவர் மேசைக்கு வந்தது. குழு அறிக்கையை அவர் படிக்கவில்லை. விளக்கத்தை மூன்று நகல்களிலும் படித்தார்.

வெள்ளிக்கிழமை ஆணை வெளியானது.

‘இவ்வலுவலகப் பணியாளர்கள் நெடுங்காலமாகச் சுமந்துவரும் சுமை அவர்தம் முன்னேற்றத்துக்கு இடையூறாக உள்ளமை கவனத்துக்கு வந்துள்ளது. எனவே வரும் திங்கள் முதல் வெள்ளி வரை சுமை குறைப்பு வாரமாக அனுசரிக்கப்படும். அனைத்துப் பணியாளர்களும் தத்தம் சுமையைச் சரிபாதியாகக் குறைத்து, அதற்கான சான்றை நாள்தோறும் மாலை நான்கு மணிக்குள் மூன்று நகல்களில் அளிக்க வேண்டும். இப்பணியின் ஒருங்கிணைப்பாளராகப் பளுதூக்கும் வீராங்கனை நியமிக்கப்படுகிறார்.’

தகுதிகாண் பருவத்தை முடிக்கும் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. பளுக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திங்கட்கிழமை காலை அது மறுபடி போயிற்று.

சுமையைப் பாதியாக்க வேண்டுமானால் முழுச்சுமை எவ்வளவு என்று தெரிய வேண்டும். வேறு அலுவலகமாக இருந்தால் இந்த இடத்தில் திகைத்திருப்பார்கள். இது நிறுவை அளவை அலுவலகம். கீழ்த்தளத்தில் முந்நூறு கிலோ வரை காட்டும் எடைமேடை இருந்தது. ஒவ்வொருவர் மேசையிலும் உள்ள ஃபைல்களைக் கட்டி, மாடியிலிருந்து இறக்கி, எடை போட்டு, பாதியை மட்டும் மேலே திருப்பிக் கொண்டுபோனால் கணக்கு சுத்தமாக இருக்கும் என்று கண்காணிப்பாளர் கண்டுபிடித்தார். அறுபத்து நாலு கிலோ ஃபைல் வைத்திருந்த எழுத்தருக்கு முப்பத்திரண்டு கிலோ. மீதி எங்கே போகும்? பக்கத்து மேசைக்கு. பக்கத்து மேசையின் பாதி அதற்கும் பக்கத்து மேசைக்கு.

கட்டுகளைத் தூக்க வேண்டிய கடைநிலை ஊழியர் இடுப்பு வலிச் சான்றிதழோடு நின்றார். எல்லோரும் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார்கள்.

“ஃபைல்தானேம்மா” என்றார் கண்காணிப்பாளர். “இரும்பு இல்லையே.”

அதே நேரத்தில் கீழே முத்திரைக் கூடத்திலும் சுமை குறைந்துகொண்டிருந்தது. பத்துக் கல் கொண்டுவந்தவருக்கு ஐந்தில் முத்திரை குத்தினார்கள். ஒரு மளிகைக் கடைக்காரர் நான்கு கற்கள் கொண்டுவந்திருந்தார். ஒரு கிலோவுக்கும் இரண்டு கிலோவுக்கும் முத்திரை கிடைத்தது.

“அஞ்சு கிலோ?” என்றார்.

“அடுத்த வாரம்.”

“அதுவரைக்கும் அஞ்சு கிலோ கேக்கிறவங்களுக்கு என்ன பண்ண?”

“ரெண்டு ரெண்டா போட்டு, ஒண்ணைச் சேர்த்துப் போடுங்க” என்றார் முத்திரை குத்துகிறவர். “வாங்கறவங்களும் கொஞ்சம் குறைச்சுக்கலாம். அவங்களுக்கும் முன்னேற்றம்தானே?”

அண்ணியின் தட்டுகளுக்கும் அதே கதிதான். குறையும் எடைக்கு ஈயம் வார்த்துச் சரிசெய்து, நான்கில் முத்திரை குத்தி, திருப்பிக் கொடுத்தார்கள். நான்கும் கம்பியின் இடது பக்கத்துக்கானவை.

அன்று மாலை வீட்டில் அண்ணி அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தாள். மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது.

“இன்னைக்கு என்ன தூக்கின?”

“ஒண்ணும் தூக்கலை அண்ணி. ஃபைல்தான்.”

“எவ்வளவு?”

எடை போட்டுத் தூக்கியதால் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. “ஐந்நூத்தி எண்பது கிலோ.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு மெதுவாக அடுத்த அறைக்குப் போய்விட்டான். “ஒரு வாரம் லீவு போடு” என்றாள் அண்ணி.

“கேட்டேன். சுமை குறைப்பு வாரத்துல ஒருங்கிணைப்பாளருக்கு லீவு கிடையாதாம்.”

“வேலையை விட்டுடு.”

“விட்டா, என் சம்பளம் இல்லாம ஜிம் வாடகையை எப்படிக் கட்டுவீங்க?”

அண்ணி துணியை நனைத்து மறுபடி மணிக்கட்டில் சுற்றினாள். ஆறு மாதமாக விடியலில் எழுந்து ஏற்றிய எடை, படிக்கட்டில் காகிதமாக இறங்கிக்கொண்டிருந்தது. தேர்வுப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. செவ்வாய்க்கிழமையும் போய்த் தூக்கினாள். இம்முறை அறுநூற்றுப் பன்னிரண்டு. மேல்மாடிக்காரர்களின் பாதிகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து, சுமை கூடியிருந்தது.

அன்று மாலை அண்ணி, “அந்த ஆணையைக் கொண்டா” என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

“அனைத்துப் பணியாளர்களும்னு போட்டிருக்கே. நீ பணியாளர் இல்லையா?”

“நான் ஒருங்கிணைப்பாளர் அண்ணி.”

“சம்பளம் எந்தப் பேர்ல வருது?”

“இளநிலை உதவியாளர்னு.”

“அப்போ பணியாளர்தான். உன் சுமை எவ்வளவு?”

“திங்கக்கிழமை ஐந்நூத்தி எண்பது.”

“பாதி?”

பளுக்காரி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கண்ணாடியைக் கழற்றி மடித்துவைத்தாள்.

“இருநூத்தித் தொண்ணூறு கிலோ வந்ததும் அப்படியே வெச்சிடு. எங்கே இருந்தாலும் சரி. ஒரு கிலோ கூடக் கூடாது. கூடினா ஆணையை மீறினதாயிடும்.”

புதன்கிழமை பளுக்காரி ஒவ்வொரு கட்டையும் எடைமேடையில் வைத்து, படிவத்தில் எழுதி, கண்காணிப்பாளரிடம் சுருக்கொப்பம் வாங்கிக்கொண்டுதான் தூக்கினாள். படிக்கட்டின் ஒரு பக்கம் எடை போட வேண்டிய ஃபைல்கள் அடுக்கியிருந்தன. மறுபக்கம் எடை போட்டவை. நடுவில் ஓர் ஆள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகலாம். மதியம் பன்னிரண்டரைக்கு, பதினோராம் படியில், இருநூற்றுத் தொண்ணூறு வந்தது. கையில் இருந்த இருபத்தெட்டு கிலோக் கட்டை அவள் நடுவழியில் வைத்தாள். கீழே இறங்கி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்னம்மா, வழியில வெச்சிட்ட?” என்றார் கண்காணிப்பாளர்.

“என் பாதி முடிஞ்சுது சார்.”

“அதை மட்டும் எடுத்து ஓரமா வை.”

“எடுத்தா முந்நூத்திப் பதினெட்டு ஆயிடும் சார். சான்றுல நீங்கதான் கையெழுத்துப் போடணும்.”

கண்காணிப்பாளர் படிவத்தைப் பார்த்தார். எல்லா வரியிலும் அவருடைய சுருக்கொப்பம் இருந்தது. கடைநிலை ஊழியரைப் பார்த்தார். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எழுத்தர்களைப் பார்த்தார். அவர்களுடைய சுமை திங்கட்கிழமையே பாதியாகிவிட்டது. ஒரு கிலோ கூடுதலாகத் தொட்டாலும் மூன்று நகலையும் திருத்த வேண்டும். தானே தூக்கலாமா என்று ஒரு கணம் குனிந்தார். இருபத்தெட்டு கிலோ என்பது காகிதத்தில் எழுதும்போது இருக்கும் கனம் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. நிமிர்ந்து, வேட்டிமுனையைத் தட்டுவதுபோல் கால்சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

மேலே இருந்தவர்கள் மேலே இருந்தார்கள். கீழே இருந்தவர்கள் கீழே இருந்தார்கள். இயக்குநருக்கு மதியச் சாப்பாடு வாளியில் கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஏறியது. மாலையில் அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, பக்கவாட்டில், ஒரு கட்டின்மீது உட்கார்ந்து எழுந்து, இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

“இன்னைக்கு ஒரு ஃபைல்கூட என் மேசைக்கு வரலை. ஒரு ஆள்கூட மேல வரலை” என்றார். “பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு நாள் நான் பார்த்ததில்லை.”

வியாழனும் வெள்ளியும் அவர் வீட்டிலிருந்தபடியே சுமையைக் குறைத்துக்கொண்டார்.

அந்த இரண்டரை நாளும் பளுக்காரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டையில் பனிக்கட்டியைச் சுற்றி மணிக்கட்டில் வைத்துக்கொண்டாள். காலையில் அண்ணியிடம் வெறும் கம்பியைப் பிடித்து, பதினைந்து கிலோவில் மெதுவாக நெளிவு சுளிவைப் பழகினாள். மத்தியானம் உட்கார்ந்தபடியே தூங்கினாள். வெள்ளிக்கிழமை விழித்தபோது எதிர் பெஞ்சில் மளிகைக் கடைக்காரர் தம் ஐந்து கிலோக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அஞ்சு நாளா வரேன்மா” என்றார்.

“அடுத்த வாரம் வாங்க. இன்னைக்கு நடக்காது.”

“தெரியும். கடைக்குப் போனா நிக்கணும். இங்கே உக்காரலாம்.” அவர் பெஞ்சில் கையை ஊன்றிப் பின்னால் சாய்ந்தார். “கடை திறந்து பதினோரு வருஷம் ஆச்சு. பகல்ல உக்காந்து பார்த்ததே இல்லை. நல்லாத்தான் இருக்கு.”

அடுத்த திங்கள் படிக்கட்டு திறந்தது. எப்படியென்றால், சுமை குறைப்பு வாரம் முடிந்துவிட்டதால் எல்லாக் கட்டுகளையும் எல்லோரும் ஆளுக்கொன்றாகச் சுமந்து பழைய மேசைகளுக்கே கொண்டுபோனார்கள். வலது பக்கத் தட்டுகள் நான்கும் முத்திரையோடு ஜிம்முக்கு வந்தன. இப்போது இருபது என்றால் இருபதுதான். அண்ணி முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, “ஒரு உபகாரம் பண்ணியிருக்காங்க” என்றாள்.

அந்த வாரத்தின் மூன்றாம் நாள் அறுபது பறந்தது. அடுத்த வாரம் எழுபத்தைந்து, அது கையில் இருக்கிறதா என்று சந்தேகம் வருமளவு லேசாக.

தேர்வுப் போட்டியில் அவளுடைய மூன்றாவது முயற்சிக்கு எண்பத்திரண்டு கேட்டாள் அண்ணி. பளுக்காரி மேடையில் ஏறி, கையில் சுண்ணாம்புப் பொடியைத் தேய்த்து, கம்பியைப் பிடித்தாள். பிடித்ததும் தெரிந்துவிட்டது. அது முட்டியைத் தாண்டியது, இடுப்பைத் தொட்டது, பிறகு எடையே இல்லாத ஒரு கணம் வந்தது. அந்தக் கணத்துக்குள் அவள் கீழே போய்க் கம்பியைத் தலைக்கு மேல் வாங்கிக்கொண்டாள். எழுந்து நின்றாள். நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. கூட்டத்தில் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அண்ணன்தான் அழுதான்.

தேசிய அணியில் அவளுக்கு இடம் கிடைத்தது. தகுதிகாண் பருவம் முடியும் முன்பே வேலையும் நிரந்தரமாயிற்று. இயக்குநர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். ‘சுமை குறைப்பின் விளைவாக இவ்வலுவலகப் பணியாளர் ஒருவரின் திறன் நான்கு கிலோ உயர்ந்துள்ளது. இவ்வலுவலகத்தில் பணியாற்றுவோர் நாற்பத்தொருவர். ஆக மொத்த உயர்வு நூற்று அறுபத்து நான்கு கிலோ.’ மேலிடம் கணக்கைச் சரிபார்த்தது. பெருக்கல் சரியாக இருந்தது. எல்லா அலுவலகங்களிலும் சுமை குறைப்பு வாரம் அனுசரிக்க உத்தரவு போயிற்று.

அலுவலகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பத்திரிகையில் பளுக்காரியின் படத்தோடு ‘குறைத்தேன், வென்றேன்’ என்று ஒரு செய்தி வந்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்னது ஐந்து வரி. அதில் பயிற்சியைப் பற்றிய நாலு வரியைப் பத்திரிகையும் குறைத்துவிட்டது. அவ்வளவுதான். ஊரில் இரண்டு பேர் சந்தித்தால், “நீங்க குறைச்சிட்டீங்களா?” என்பதுதான் விசாரிப்பு. குறைப்பவர்கள் போட்டுக்கொள்ளத் தனிச் சட்டை வந்தது, குடிக்கத் தனிப் பாட்டில் வந்தது. எதையும் ஏற்றிப் பழக்கமில்லாதவர்கள்தான் இறக்குவதில் அதிக ஆர்வம் காட்டினார்கள்.

அவர்கள் அண்ணியின் ஜிம் வாசலில் வந்து நின்றார்கள்.

“முதல்ல ஆறு மாசம் தூக்கணும்” என்றாள் அண்ணி. “அப்புறம்தான் குறைக்க முடியும்.”

“தூக்குறதுக்கு நேரம் இல்லைங்க” என்றார்கள். “குறைக்கிற வாரத்தை மட்டும் சேர்ந்துக்கிறோம்.”

அண்ணி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். ஜிம்மில் தூக்குகிறவர்கள் மூன்று பேர். வாசலில் நின்றவர்கள் நாற்பது பேர். இடத்துக்காரருக்கு மாதாமாதம் வாடகை கொடுத்தாக வேண்டும். அண்ணி நாற்பது பாய் வாங்கிப் போட்டாள். மூலையில் புதுக் கம்பி ஒன்றும் கூடுதல் தட்டுகளும் வந்தன.

அணிப் பயிற்சி முகாமுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் பளுக்காரி ஜிம்முக்கு வந்தபோது, மேடையைச் சுற்றி நடக்க இடமில்லை. பாய்களில் எல்லோரும் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். இயக்குநர் ஜன்னலோரம், ஆய்வாளர் அவருக்குப் பக்கத்தில், கண்காணிப்பாளர் கதவுக்குப் பின்னால். மளிகைக் கடைக்காரர் மேடைக்கு ஒட்டினாற்போல். அண்ணன்கூட ஒரு பாயில் இருந்தான். அவள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போய், கையில் பொடி தேய்த்து, எண்பத்து நாலைத் தூக்கினாள். தலைக்கு மேல் நிறுத்தினாள். கீழே போட்டாள். மேடை அதிர்ந்தது.

மளிகைக் கடைக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார்.

“மெதுவாம்மா” என்றார். “நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டு ஓய்வெடுத்துட்டிருக்கோம்.”

நாலைந்து பாய்களிலிருந்து “ஆமாம்மா” என்று முனகல் வந்தது. பளுக்காரி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அன்றைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேட்டில் குனிந்திருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

“மன்னிச்சுக்குங்க” என்றாள் பளுக்காரி. அடுத்த முறை எண்பத்து நாலையும் தலைக்கு மேலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து தரைக்கும், ஒரு சத்தமும் இல்லாமல் இறக்கி வைத்தாள். தூக்கியதைவிட அதுதான் கடினமாக இருந்தது.